பாஸ் போட்ட ஸ்பிரிங்

ஒரகடத்தில் கார் ஸ்பிரிங் செய்கிற ஒரு கம்பெனியில் திருமலை பதினான்கு வருஷம் வேலை பார்த்தார். பதினான்கு வருஷமும் ஒரே இடம், லைனின் கடைசி முனை. கம்பியைக் காய்ச்சிச் சுருட்டி, எண்ணெயில் முக்கி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, கொக்கியில் மாட்டி அனுப்புவார்கள். அது ஊர்ந்து வந்து அவர் முன்னால் தொங்கும். கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். நன்றாக இருந்தால் பச்சைத் தொட்டி. பெயிண்டில் கீறலோ கம்பியில் புள்ளியோ இருந்தால் மேல் வளையத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவார்.

கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும் என்பது விதி. திருமலை இடது கைக்கு மட்டும் போட்டுக்கொள்வார். வலது கை வெறுங்கையாகவே இருக்கும். சூப்பர்வைசர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், வந்த ஒவ்வொருவரும் அதற்காக ஒரு முறை திட்டினார்கள். கண்ணுக்குத் தப்பியது விரலுக்குத் தப்பாது என்று இவரும் ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னார். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து குறை என்று திரும்பி வந்த ஸ்பிரிங்குகளை ஒரு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் தன் ஷிஃப்ட்டின் முத்திரை போட்ட ஸ்பிரிங் ஒன்றுகூட இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவ்வப்போது டீ நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் கேட்டால்கூடப் போதும், விளக்க ஆரம்பித்துவிடுவார். ஸ்பிரிங் பாரத்தால் உடைவதில்லை. பெயிண்ட் உரிந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், துரு பிடிக்கும், கடுகு அளவுக்கு ஒரு குழி விழும். அதற்கப்புறம் வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அந்தக் குழி கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறக்கும். உடைகிற நாளில் உடைவதாக நாம் நினைக்கிறோம். அது ஆறு மாதமாக உடைந்துகொண்டே இருந்திருக்கும்.

அப்புறம் லைன் முனையில் கேமரா வைத்த மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நிரந்தரத் தொழிலாளர்களை வேறு பிரிவுக்கு அனுப்பினார்கள். காண்ட்ராக்ட் ஆட்களிடம் ஒன்றாம் தேதியிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். திருமலை காண்ட்ராக்ட். கடைசி நாளன்று ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்து, கைதட்டி அனுப்பி வைத்தார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

அவர் மனைவி செந்தாமரை, போன் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றின் கேன்டீனில் காய் நறுக்கும் வேலையில் இருந்தாள். "ஆட்டோ ஒண்ணு எடுய்யா, போதும்" என்றாள். திருமலைக்குக் காரில்தான் மனசு இருந்தது. பி.எஃப். பணம் வந்ததும் எட்டு வருஷப் பழைய கார் ஒன்றை வாங்கி, மஞ்சள் போர்டு மாட்டி, சிவசங்கரின் டிராவல்ஸில் சேர்த்தார். சிவசங்கர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தவர். திருமலைக்குக் கிடைத்தது முதல் ஷிஃப்ட். விடிகாலையில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போய் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் விட்டு, மதியம் திரும்ப அழைத்துவர வேண்டும். மண்ணூரில்தான் முதல் ஆள். பிரவீனா.

பிரவீனா அந்தக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். இருபத்தாறு வயசு. இவரும் ஒரு காலத்தில் அதே வேலையில் இருந்தவர் என்று தெரிந்ததிலிருந்து வழி நெடுக அதையே பேசிக்கொண்டு வருவாள்.

"எங்க சார் இன்னா சொல்றாரு தெரியுமாண்ணா? டவுட்டா இருந்தா ரிஜெக்ட் பண்ணாத, என்ன கூப்டுன்றாரு. கூப்ட்டா, பாஸ் பண்ணுன்றாரு."

"நீ கூப்டாத, சாமி. செவப்பு மைய போட்டுட்டு உட்டுடு. மை போட்டத எவனும் தொட மாட்டான்."

அப்படிச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பழைய மிடுக்கு வரும். பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வரும் மற்ற மூன்று பேருக்கும் அது கேட்காது.

இரண்டு வருஷம் வண்டி ஒழுங்காக ஓடியது. மூன்றாவது வருஷம் மழைக்காலத்தில்தான் கேடு ஆரம்பித்தது. வாலாஜாபாத் ரோட்டில் கல் குவாரி லாரிகளும் கண்டெய்னர்களும் போய்ப் போய் சர்வீஸ் ரோடு முழுக்கப் பள்ளம். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. ஒரு நாள் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது இடது முன்சக்கரம் ஒன்றில் இறங்கியது. டங் என்று ஒரு சத்தம். திருமலை வண்டியை ஓரம் கட்டினார். குனிந்து பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சக்கரத்துக்கு மேலே கையை விட்டுத் தடவினார். கீழ் வளையம் துண்டாகிக் கிடந்தது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டார். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும், ஆர்டர் போட்டு வரவழைக்க எட்டு நாள் ஆகும் என்றார்கள். அவர்கள் சொன்னது முழுக்கச் சரி என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர்கள் சொன்ன தொகை அவரது ஒரு மாத வருமானத்தைத் தாண்டியது. தொகையை எப்படியாவது புரட்டினாலும் எட்டு நாளுக்கு எங்கே போவது? மூன்று நாள் வண்டி வராவிட்டால் அந்த ரூட்டில் வேறு வண்டி நுழைந்துவிடும். இவர் சேர்ந்த அன்றே சிவசங்கர் அதைச் சொல்லியிருந்தார்.

அப்படித்தான் அவர் நயினாரின் ஷெட்டுக்குப் போனார்.

ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே சர்வீஸ் ரோட்டு ஓரம் தகரக் கூரை போட்ட ஷெட் அது. நயினார் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவர். நாற்பது வயசிருக்கும். ஆள் கெட்டவர் இல்லை. வருகிற வண்டி எதையும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். ஆறு வண்டி பார்க்கிற இடத்தில் பதினாறு வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திறந்து போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

"சாயங்காலம் குடுத்துருதேன் அண்ணாச்சி. நீங்க பேசாம வீட்டுக்குப் போங்க."

சாயங்காலம் போனால் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தார், அவ்வளவுதான். மறுநாள் காலையில் போனால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவியை வேறு ஷெட்டுக்காரர் வாங்கிப் போயிருந்தார். மதியம் போனபோது கரண்ட் இல்லை. இரண்டாம் நாள் மாலையில், சென்னை புதுப்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கடையிலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பிய பொருள் வந்து சேர்ந்தது. சாக்குப் பையிலிருந்து நயினார் அதை எடுத்து நீட்டினார். பளபளவென்று கறுப்பாக இருந்தது.

"புதுசு அண்ணாச்சி. பெயிண்டு மணம்கூடப் போகல, பாத்தியளா?"

பெயிண்ட் மணம் போகாததுதான் திருமலைக்கு இடித்தது. கம்பெனியில் சூளையில் வைத்துச் சுட்ட பெயிண்டுக்கு மணம் இருக்காது. இது பிரஷ்ஷால் அடித்தது. அவர் ஸ்பிரிங்கை வாங்கி, பழகிய வாக்கில் வலது கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். கீழேயிருந்து இரண்டாவது வளையத்தின் உள்பக்கத்தில் விரல் நின்றது. மறுபடி தடவினார். பெயிண்டுக்கு அடியில், அம்மைத் தழும்பு மாதிரி நாலைந்து குழி.

"நயினாரே, இது பழசு. துருவ சொரண்டிட்டு மேல அடிச்சிக்கீறானுங்க. தோ, இங்க தொட்டுப் பாரு."

நயினார் தொட்டுப் பார்த்தார். "அது பெயிண்டு திட்டா நிக்கி அண்ணாச்சி."

"பதினாலு வருஷம் இதத்தான் தொட்டுகினு இருந்தேன். எங்கிட்ட சொல்றியா?"

 நயினார் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரி, பழசுதான்னே வச்சுக்கிடுவோம். இந்த மாடலுக்குப் புதுசு உடனே கிடைக்கல்லா. திருப்பி அனுப்பிருவோம், எனக்கு ஒண்ணும் இல்ல. பத்து நாள் பொறுத்துக்கிடுவியளா? சொல்லுங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து சிவசங்கர் போன் செய்தார். "இன்னா திருமலை, நாளைக்கு வண்டி வருமா, வராதா? ஒரே வார்த்தைல சொல்லு. ஆளு ரெடியா நிக்கிறான்."

திருமலை ஸ்பிரிங்கைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். வழக்கமாக இந்த இடத்தில் அவர் கை தானாகச் சிவப்பு மைக்குப் போகும். யோசிக்கவே வேண்டியதில்லை. அன்றைக்கு யோசித்தார். ஒரு மாசம், இரண்டு மாசம் தாங்கும். அதற்குள் பணம் சேர்த்து, ஆர்டர் போட்டு, புதுசாகவே மாற்றிவிடலாம். அப்படித்தான் யோசித்தார்.

"வரும் சார்" என்றார் போனில். அப்புறம் நயினாரிடம் ஸ்பிரிங்கைக் கொடுத்தார். "மாட்டு."

அதை மாட்டிய பிறகு வண்டி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. வலது பக்கம் பத்து வருஷத்துக்கு மேல் பாரம் தாங்கித் தாழ்ந்துபோயிருந்தது. ஸ்டியரிங்கை விட்டால் வண்டி சாய்ந்து ஓடியது. திரும்பக் கொண்டுபோனார். நயினார் வலது பக்க வளையங்களுக்கு நடுவே ரப்பர் கட்டை ஒன்றைச் செருகினார். பத்து நாளில் அது பிதுங்கி விழுந்தது. அடுத்த தடவை சத்தம் ஸ்பிரிங்கிலிருந்து வரவில்லை, அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷிலிருந்து வருகிறது என்று சொல்லி புஷ்ஷை மாற்றினார். சத்தம் நிற்கவில்லை. நாலாவது தடவை திருமலை டீ குடிக்கப் போய்விட்டு வருவதற்குள், உயரம் சமமாகட்டும் என்று இடது ஸ்பிரிங்கின் மேல் முனையில் அரை வளையத்தை கிரைண்டரால் அறுத்துத் தள்ளியிருந்தார்.

திருமலை அறுபட்ட துண்டைக் கீழிருந்து எடுத்தார். இன்னும் சூடாக இருந்தது.

"ஏன்யா... ஸ்பிரிங்க போய் யாராவது அறுப்பாங்களா? சூடு காட்டினா அதோட உயிரே போயிடுமேய்யா."

"இப்ப வண்டியப் பாருங்க அண்ணாச்சி. தராசு மாதிரி நிக்கி."

வண்டி சமமாகத்தான் நின்றது. ஆனால் அதற்கப்புறம் அது கார் மாதிரி ஓடவில்லை, கட்டை வண்டி மாதிரி ஓடியது. ஒவ்வொரு வேகத்தடையும் உட்கார்ந்திருப்பவர் முதுகெலும்பில் ஏறி இறங்கியது. பின்னால் தூங்கிக்கொண்டு வந்தவர்கள் தூங்க முடியாமல் விழித்துக்கொண்டு வந்தார்கள்.

இதற்கிடையே பிரவீனாவுக்கு ஐந்தாவது மாதம். வீட்டிலிருந்து ஒரு தலையணை எடுத்துவந்து முதுகுக்கு வைத்துக்கொள்வாள். ஒரு நாள் கேட்டாள்.

"அண்ணா, வண்டில இன்னாமோ சத்தம் கீதே?"

"ரோடு சரியில்ல, சாமி. மழ வுட்டா போட்டுடுவாங்க."

சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். அவள் நம்பிவிட்டாள். தரப் பரிசோதனை பற்றி இந்த மனிதர் சொன்ன எதையும் அவள் சந்தேகித்ததில்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் திருமலை இடது சக்கரத்தை மண்ணில் படுத்துப் பார்ப்பார். டார்ச் அடித்து, அந்த இரண்டாவது வளையத்தைத் துணியால் துடைத்துப் பார்ப்பார். பெயிண்ட் மேல் ஒரு கோடு விழுந்த மாதிரி ஒரு வாரம் தெரிந்தது. அடுத்த வாரம் சேறு ஒட்டியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் போனது அவருக்கு ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. புது ஸ்பிரிங்குக்கு எடுத்து வைத்திருந்த பணத்தை டயருக்குக் கொடுக்க வேண்டிவந்தது. முன்சக்கரம் கோணலாக ஓடி ஓடி டயர் ஒரு பக்கமே தேய்ந்துபோயிருந்தது.

அது ஒரு சனிக்கிழமை. மற்ற மூவருக்கும் விடுமுறை. பிரவீனா மட்டும் ஓ.டி.க்குப் போயிருந்தாள். மதியம் இரண்டரை மணிக்கு அவளை ஏற்றிக்கொண்டு ஒரகடம் மேம்பாலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அவள் போனில் தன் வீட்டுக்காரரோடு சீமந்தத்துக்கு யாரை அழைப்பது என்று பேசிக்கொண்டு வந்தாள். பாலம் முடிந்து ரோடு சேருகிற இடத்தில் ஒரு சின்ன இறக்கம். வண்டி இறங்கியது, எழவில்லை. இடது பக்கம் அப்படியே அமுங்கியது. உடைந்த கம்பி முனை டயரைக் கிழிக்கிற சத்தம் முதலில் வந்தது. அடுத்த நொடி டயர் வெடித்தது.

ஸ்டியரிங் அவர் கையை முறித்துக்கொண்டு இடது பக்கம் இழுத்தது. இடது ஓரத்தில் ஒரு தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. பிரேக்கை ஒரேயடியாக மிதித்தால் வண்டி சுழலும் என்று கால் நினைத்ததா மனசு நினைத்ததா தெரியாது. விட்டு விட்டு மிதித்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை வலது பக்கம் பிடித்துத் தொங்கினார். லாரியின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. லாரிக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தார். பிரவீனா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கத்தவில்லை. கீழே விழுந்த போனிலிருந்து அவள் வீட்டுக்காரரின் குரல் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"சாமி... இன்னா சாமி? எங்கனா வலிக்குதா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா அவருக்குப் புரியவில்லை.

ஆட்டோ பிடித்து ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் இனி ரோட்டில் குலுங்கக் கூடாது, ஒரு மாதம் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள். பிரவீனாவின் வீட்டுக்காரர் ஓடிவந்தார். திருமலையின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களாலதாண்ணா ரெண்டு பேரும் தப்பிச்சாங்க. வேற டிரைவரா இருந்தா அந்த லாரிலதான் போய் சொருகியிருப்பான்" என்றார். திருமலை கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் வைத்துக்கொண்டிருக்கவும் முடியாமல் நின்றார்.

பாலத்தடிக்குத் திரும்பி வந்து சக்கரத்துக்குள் குனிந்து பார்த்தார். இரண்டாவது வளையம். விரல் நின்ற அதே இடம். உடைந்த முகத்தில் பாதி பிறை வடிவத்தில் பழுப்பாகத் துருவேறியிருந்தது. மீதி பாதி புதுசாக, சாம்பல் நிறத்தில் மின்னியது. பழுப்பான பாதி முன்பே திறந்துகொண்டது, மின்னுகிற பாதி இன்றைக்குப் போனது. கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதே மாதிரி உடைந்த துண்டைக் காட்டித்தான் அவர் பாடம் எடுப்பார்.

நயினாருக்குப் போன் போட்டார். நயினார் மறுக்கவில்லை, பழியைத் தள்ளிவிடவும் இல்லை. அரை மணி நேரத்தில் கயிறும் ஒரு பழைய சக்கரமும் எடுத்துக்கொண்டு டெம்போவில் வந்தார். உடைந்ததைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலைல்லா? என் செலவுலயே ரெண்டு பக்கமும் புதுசு போட்டுத் தாரேன் அண்ணாச்சி. எங்க அம்ம மேல சத்தியம்."

வண்டியை ஷெட்டுக்கு இழுத்துப் போனார். இரண்டு முன் ஸ்பிரிங்கையும் கழற்றி, வண்டியை மரக்கட்டைகள் மேல் உட்கார வைத்தார். புது ஸ்பிரிங்குக்கு ஆர்டரும் போட்டார். ரசீதைக்கூடக் காட்டினார்.

அன்று வீட்டுக்குப் போய் செந்தாமரையிடம் எல்லாவற்றையும் சொன்னார், விரலில் பட்ட குழி முதற்கொண்டு. அவள் கேன்டீன் சேலையை மாற்றாமலே உட்கார்ந்து கேட்டாள்.

"தெரிஞ்சேவா மாட்ன?"

"தெரிஞ்சேதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லய்யா. கம்மல் இருந்துச்சே."

 கம்மல் இருந்தது அவருக்கும் தெரியும். கேட்க வெட்கப்பட்டார் என்பதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது?

திங்கட்கிழமை சிவசங்கர் வேறு வண்டியை விட்டார். கோபப்படவில்லை. "உன் மேல தப்பு சொல்லல திருமலை. கம்பெனில இந்த வண்டி வேணான்னு எழுதிட்டாங்க. நான் இன்னா பண்றது?" என்றார்.

ஒரு வாரம் கழித்துத் திருமலை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு மண்ணூருக்குப் போனார். பிரவீனா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை, மாமியார் கடைக்குப் போயிருந்தார். அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. உட்காருங்கண்ணா என்றாள். டூட்டிக்குப் புதுசாக வருகிற வண்டிக்காரர் பாட்டை அலறவிடுகிறாராம், ஆபீஸ் தோழிகள் சொன்னார்களாம், சிரித்துக்கொண்டே சொன்னாள். திருமலைக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"சாமி, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஸ்பிரிங்கு பழசுன்னு எனக்கு முன்னியே தெரியும். கையால தொட்டுப் பாத்தேன். தெரிஞ்சும் மாட்ட சொன்னேன். நீ சத்தம் கேக்குதுன்னு சொன்னப்பகூட ரோடுன்னு பொய்தான் சொன்னேன்."

 பிரவீனாவின் கை போர்வையை இழுத்து வயிற்றை மூடியது.

"ரிஜெக்ட்னு தெரிஞ்சேவா?"

"ஆமா."

"இத இப்போ எதுக்குண்ணா எங்கிட்ட சொல்றீங்க?"

 சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்து வந்திருந்தார். அந்தப் பாரத்தில் ஒரு பாதியை எடுத்து இந்தப் பெண்ணின் தலையில் வைத்துவிட்டோம், தன்னுடையது துளியும் குறையவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"வூட்ல யாராண்டயும் சொல்லிடாதீங்க. அவரு சும்மா உடமாட்டாரு" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "அத்த வந்துடுவாங்க. நீங்க கெளம்புங்கண்ணா."

சாத்துக்குடிப் பையைக் கட்டிலருகே வைப்பதா, எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியாமல் வாசல்படியில் வைத்துவிட்டு வந்தார்.

புது ஸ்பிரிங் வருகிற வாரத்தில் நயினாரின் அம்மா ஊரில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போனவர் வாரம் ஒரு முறை போனில் பேசினார். "இந்தா, அடுத்த வியாழக்கிழம வந்துருதேன் அண்ணாச்சி." வியாழக்கிழமைகள் போயின. பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஆர்டர் போட்ட கடையில் விசாரித்தபோது, முன்பணத்தை அவர் திரும்ப வாங்கிக்கொண்டதாகச் சொன்னார்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று. திருமலைக்குக் கோபம் வரவில்லை. அவர் நிலைமையில் இருந்தால் தானும் அதைத்தான் செய்திருப்போம் என்று தோன்றியது.

ஜனவரியில் ரோடு அகலப்படுத்துகிறவர்கள் வந்து ஷெட்டுச் சுவரில் மஞ்சள் அம்புக்குறி போட்டார்கள். இடத்துக்காரர் போன் செய்து, வண்டியை எடுத்துக்கொண்டு போ என்றார். முன்பக்கம் ஸ்பிரிங்கே இல்லாத வண்டியை எப்படி எடுப்பது? இரண்டு நாள் அலைந்தார். மூன்றாம் நாள் காலையில் போனபோது ஷெட் தகரமாகக் கிடந்தது. பொக்லைன்காரர் காரை அப்படியே தூக்கிப் பின்னாலிருந்த ஏரிக்கரைப் புறம்போக்கில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மூக்கை மண்ணில் ஊன்றிக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கியபடி நின்றது கார்.

முதல் வாரம் பேட்டரி போயிற்று. அடுத்து கண்ணாடிகள், அப்புறம் பின்சக்கரங்கள் இரண்டும். திருமலை ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். போலீசில் சொல்லலாமே என்றாள் செந்தாமரை. யார் மேல் சொல்வது என்றார். கடைசியில் பழைய இரும்பு எடுக்கிறவர் ஒருவரே தேடி வந்து எடை போட்டு வாங்கிக்கொண்டார். கேஸ் கட்டரால் அதை இரண்டாக அறுத்தபோது திருமலை அங்கே இருக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தை ஒப்படைக்க மட்டும் ஒரு நாள் போய் வரிசையில் நின்றார்.

இப்போது அவர் ஒரு கார் கம்பெனியின் யார்டில் வேலை பார்க்கிறார். மறுபடியும் காண்ட்ராக்ட். லைனிலிருந்து இறங்குகிற புதுக் கார்களை கேட்டிலிருந்து எடுத்து, முக்கால் கிலோமீட்டர் ஓட்டிப்போய் வரிசையில் நிறுத்த வேண்டும். இருபதுக்கு மேல் வேகம் போகக் கூடாது. சீட்டுக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருக்கும், ஏறி இறங்கும்போது சரசரக்கும். நிறுத்திவிட்டு வந்த டிரைவர்களை ஒரு வேனில் அள்ளிக்கொண்டு மறுபடி கேட்டில் விடுவார்கள். ஒரு ஷிஃப்ட்டில் நாற்பது கார். யாரும் அவரிடம் எதையும் தொட்டுப் பார்க்கச் சொல்வதில்லை. வெள்ளைக் கையுறையை இரண்டு கைக்கும் போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அவர் இரண்டு கைக்கும் போட்டுக்கொள்கிறார்.

ஏப்ரல் மாதம் பிரவீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கேன்டீனில் கூட வேலை பார்க்கும் மண்ணூர்க்காரி ஒருத்தி சொல்லி செந்தாமரைக்குத் தெரிந்தது.

"போய்ப் பாத்துட்டு வந்துடலாம்யா, ரெண்டு பேரும்."

"நீ போய்ட்டு வா."

அவள் ஒரு கவுனும் பவுடர் டப்பாவும் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்தாள். குழந்தைக்குத் தலை நிறைய முடி, மூன்று கிலோ இருக்கிறது, அப்பாவின் மூக்கு என்று சேலை மடித்துக்கொண்டே சொன்னாள். திருமலை யார்டு சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டார். இரண்டாம் ஷிஃப்ட்டுக்கு நேரமாகியிருந்தது.

"என்னப் பத்தி எதனா கேட்டுச்சா?"

செந்தாமரை மடிப்பதை ஒரு கணம் நிறுத்தினாள். பொய் சொல்லலாமா என்று அவள் யோசிப்பது அவருக்குத் தெரிந்தது.

"இல்லய்யா" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.